மழைக்கால நல்லதண்ணிக்கு ஒரு மோட்டார்ப் பிரயாணம்

கண்ணும் கருத்துமாகப் பேணி வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மழையில் வெளியே எடுக்கலாமா, எடுக்கக் கூடாதா? கேள்வியைக் கேட்டதும் பலர் சிரிப்பார்கள். கார் என்பது ஏறிப் போவதற்குத்தானே, அதற்கு மழையென்ன, வெயிலென்ன என்பார்கள். இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் கார் இல்லாதவர்கள். நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஆயினும் சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் இந்தக் கேள்விக்கு விடை காணும் பொறுப்பில் பாதி நம் தலையிலும் வந்து விழுந்தது.

கொழும்பிலுள்ள நம் நண்பரிடம் 1952ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி. டி.டி. கார் ஒன்று இருக்கிறது. இருவர் மட்டும் அமரக்கூடிய சின்னஞ்சிறு வண்டி. கூரை என்பது மடக்கி விரிக்கும் துணிதான். கதவுகளுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பக்கங்களில் திரைகளை மாட்டிக்கொள்ள வேண்டும். அதன் உடலைத் தட்டிப் பார்த்தால் இரும்புத் தகடு என்றே தோன்றும். ஆனால் தகட்டுக்கு உள்ளே தாங்கி நிற்பது ஆஷ் என்னும் மரத்தாலான சட்டம். இங்கிலாந்தில் 1953இல் உற்பத்தி நின்றுபோன அந்த வகையில் ஏறத்தாழ 30,000 வண்டிகள்தாம் வெளிவந்தன. நண்பர் இதைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி, ஒன்பது ஆண்டுகள் உழைத்து ஓட வைத்தார். அதன் பிறகு அவர் விதித்துக்கொண்ட சட்டம் கடுமையானது. வானத்தில் கையளவு மேகம் தெரிந்தாலும் கார் கொட்டகையை விட்டு வெளியே வராது.

நண்பரின் தகப்பனார் நல்லதண்ணியில் மூத்த மகனோடு இருக்கிறார். வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பத்தொன்பதாவது வயதில், துரையின் கார்க் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த வெள்ளைக்காரத் துரையிடம் இருந்ததும் இதே எம்.ஜி. டி.டி. தான்! மகன் அந்த வகைக் காரையே தேடிப் பிடித்து வாங்கியதன் காரணம் இப்போது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். “ஒரு தரம் கொண்டாந்து காட்டு, தம்பி” என்று பெரியவர் மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகனும் போகாமலிருக்க வேண்டுமென்று எண்ணவில்லை. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரையில் சிவனொளிபாத மலையின் யாத்திரைக் காலம். வெயில் இருக்கும் நாட்கள் அவைதாம். ஆனால் அப்போது நல்லதண்ணியில் பஸ்களும் வான்களும் நெருக்கியடித்து நிற்கும். அந்த நெரிசலில் தம் காரின் மட்காட்டில் எவனாவது உரசிவிடுவான் என்று அஞ்சி, கூட்டம் குறையட்டும் என்று தள்ளிப் போட்டார். கூட்டம் குறைந்தது, மழை பிடித்துக்கொண்டது. இப்படி மூன்று ஆண்டுகள் போயின. சென்ற ஆண்டு வைகாசியில் பெரியவர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாட்கள் படுத்திருந்து வீடு திரும்பினார். இருதயம் தளர்ந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அடுத்த வெயில் காலத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர் நம் வீட்டுக்கு வந்து, “காரை நம்பி ஜனவரி வரைக்கும் பொறுக்கலாம். அப்பாவை நம்பிப் பொறுக்கலாமா?” என்று கேட்டார். நாம் என்ன சொல்வது? பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றோம். “பஸ்ஸில் பத்து தரம் போய்விட்டேன். அவர் பார்க்கக் கேட்பது என்னையல்லவே” என்றார்.

பிறகு அவர் தம்மிடமிருந்த இங்கிலீஷ்ப் புத்தகங்களைக் கொண்டுவந்து பரப்பினார். பழைய காரை மழையிலும் குளிரிலும் எடுக்காதே என்றுதான் எல்லாமே சொல்லின. ஆனால் சிரத்தையோடு படித்துப் பார்த்தால் அந்த அறிவுரையின் வேர் வேறிடத்தில் இருப்பது தெரிந்தது. அந்நாடுகளில் பனி உருகுவதற்காகச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர்தான் இரும்பைத் தின்கிறது. நம் மலைநாட்டில் உப்புத் தூவுவார் யாருமில்லை. சொல்லப்போனால், கொழும்பில் கடற்காற்று வீசும் கொட்டகையில் சும்மா நிற்கும் காருக்கு உப்பால் வரும் கேடு, மஸ்கெலியா மழையில் நனையும் காருக்கு இல்லை! இதை நாம் எடுத்துச் சொன்னபோது நண்பர் முகம் சற்று மாறியது. ஒன்பது ஆண்டு உழைப்பைக் கடற்காற்றில் காய வைத்திருக்கிறோமே என்று அவர் எண்ணியிருக்கலாம்.

இன்னொரு விஷயம் அவரை முற்றாக உலுக்கிவிட்டது. புறப்படுமுன் பிரேக்கைச் சோதிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்தார். மெக்கானிக் பிரேக் எண்ணெயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதில் தண்ணீர் ஏறியிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். ஒரு நாளும் மழை காணாத காரில் தண்ணீரா? அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் குணமுள்ளது. சாதாரண டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வெப்பத்துக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதித்த கட்டை தரையோடு போய்விடும்; வண்டி நிற்காது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டிய எண்ணெய் அது. நண்பர் ஐந்து ஆண்டுகளாக மாற்றவில்லை.

எண்ணெய் மாற்றினார், டயர்களையும் மாற்றினார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம்.

அவிசாவளை வரையில் வானம் வெளிறிக் கிடந்தது. எட்டியாந்தோட்டையில் தூறல். கித்துல்கலையைத் தாண்டியதும் மழை, மழை என்று சொல்லும்படியான மழை. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் ஈரம் முழுவதையும் முதலில் தடுத்து நிறுத்துவன இந்த மேற்குச் சரிவுகள்தாம். கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கொழும்பில் பெய்வது அதில் பாதிதான். அந்தப் புத்தகங்கள் அச்சான இலண்டன் மாநகரிலோ ஓராண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர்! மழையில் எடுக்காதே என்ற விதியை வட்டவளைக்காரர் ஒருவர் கைக்கொண்டால், அவர் கார் வாங்காமல் இருப்பதே மேல்.

ஈரச் சாலையில் டயர் நீரின் மேல் மிதந்து வழுக்கும் என்று நண்பர் அஞ்சினார். விமானங்கள் நனைந்த ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்த அமெரிக்காவின் நாஸா நிறுவனத்தார் 1960களில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். டயரின் காற்றழுத்தத்தை இறாத்தலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பத்தால் பெருக்கிச் சற்றுக் கூட்டினால், எத்தனை மைல் வேகத்தில் டயர் தேங்கிய நீரின் மேல் எழும்பும் என்பது கிடைக்கும். நண்பரின் டயரில் இருப்பது 25 இறாத்தல். ஆகவே 50 மைலுக்குச் சற்று மேல். கினிகத்தேனை வளைவுகளில் நாம் போனதோ 20 மைல் வேகம். அதோடு அந்தக் காலத்து டயர் ஒடுக்கமானது. அகன்ற புது டயரைவிட நன்றாக நீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும்.

ஆனால் இதைக் கேட்டு யாரும் துணிச்சல் கொள்ள வேண்டாம். ஆபத்து மிதப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. 30 மைல் வேகத்தில் போகும் கார், கண்டு, மிதித்து, நிற்பதற்கு வறண்ட சாலையில் 23 மீற்றர் வேண்டும் என்று பிரிட்டிஷ் சாலை விதி நூல் கணக்கிடுகிறது. மழையில் முன்வண்டிக்கும் நமக்கும் இடைவெளி இரு மடங்காகவாவது இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதுவும் சமதரைக் கணக்கு. மலைப்பாதை வளைவில் கண்ணுக்குத் தெரியும் தூரமே சில இடங்களில் 20 மீற்றர்தான். மேலிருந்து சரிந்த செம்மண்ணோ, நனைந்த யூகலிப்டஸ் இலைக் குவியலோ அந்த வளைவுக்கு அப்பால் கிடக்கலாம். பழைய காரின் டிரம் பிரேக்குக்குள் நீர் புகுந்துவிட்டால் முதல் மிதிக்கு அது பிடிக்காது. நீரோடும் இடத்தைக் கடந்ததும், ஓடிக்கொண்டே பிரேக்கை மெல்ல மிதித்துச் சூடேற்றி உலர்த்த வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவன் ஒதுங்கி வழிவிட வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில், கார் புதிதாயினும் பழையதாயினும், வீட்டிலேயே இருக்க வேண்டும். நாம் முதல் நாள் இரவே அதை விசாரித்துக்கொண்டுதான் கிளம்பினோம்.

வட்டவளைக்கு அப்பால் எஞ்சின் இருமத் தொடங்கிற்று. மின்பொறியைப் பங்கிடும் மூடியில் ஈரம் படிந்துவிட்டது. நாம் குடை பிடிக்க, நண்பர் மூடியைக் கழற்றித் துடைத்தார். துணி நனைந்துவிட்டதால் கடைசியில் நம் கைக்குட்டையே உதவியது. தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. மழை அவர்கள் விரல்களை நிறுத்தவில்லை. நம் கார்தான் நிறுத்தியது. “தள்ளணுமா, ஐயா?” என்று ஒரு பெண் கூவினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கொழுந்துக்கு மழை நாள் என்று விடுமுறை கிடையாது. நனைந்த இலையை வாட்ட அதிக நேரமும் அதிகச் சூடும் பிடிக்கும். தொழிற்சாலை அந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறது.

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல். டிக்கோயாவுக்கு அப்பால், 1965இல் கட்டப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கம் மேகத்துக்குள் மறைந்து மறைந்து தோன்றிற்று. நோர்வூட்டில் பொகவந்தலாவைப் பாதையை விட்டுப் பிரிந்து மஸ்கெலியாவை அடைந்தோம். இப்போதுள்ள மஸ்கெலியா புதியது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய பட்டினம் நீருக்குள் போயிற்று. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் வெளியே தெரியும். நாம் போன அன்று மழைத்துளிகள் குத்திய சாம்பல் நிற நீர்ப்பரப்பு மட்டுமே தெரிந்தது.

நல்லதண்ணி! பெயருக்கு இதைவிடப் பொருத்தமான ஊரும் உண்டோ? பாறைதோறும் நீர் கொட்டுகிறது, படிக்கட்டுத்தோறும் ஓடுகிறது. யாத்திரைக் காலத்தில் இரவெல்லாம் விளக்கு வரிசை மலையுச்சி வரை ஏறிச் செல்லும் இடம் இது. 2,243 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரம் அன்று எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. கடைகளின் முகப்பில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். திறந்திருந்த ஒரே கடையில் வெள்ளைக்காரப் பிரயாணிகள் இருவர் சொட்டச் சொட்ட நனைந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். தெருநாய்கள் கூடத் தலை நீட்டவில்லை.

பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காரைக் கண்டதும் கண்ணீர் விடுவார், மகனைக் கட்டிக்கொள்வார் என்றெல்லாம் நாம் எதிர்பார்த்திருந்தோம். அவர் மெல்ல எழுந்து வந்தார். காரை ஒருமுறை சுற்றினார். குனிந்து, கால்மிதிக் கம்பளத்தை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினார்.

“என்னாப்பா இது, உள்ளுக்குள்ள தண்ணி நிக்கிது!”

“மழைதானே அப்பா.”

“மழை வெளியில பெஞ்சிச்சு. இங்கன எதுக்கு நிக்கிது? கோணி எடுத்தா.”

அப்புறம் ஒரு மணி நேரம் அவர் சொல்ல, மகன் செய்தார். கொட்டகைத் தாழ்வாரத்தில் காரை நிறுத்தி, கம்பளத்தையும் அதன் கீழிருந்த பலகைகளையும் கழற்றினார்கள். கதவின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கு உள்ள துளைகளைச் சேறு அடைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தித் திறந்தார்கள். மட்காட்டுக்கு அடியில் கையை விட்டு, ஒட்டியிருந்த மண்ணை வழித்தெடுத்தார்கள். நீர் தங்குவது அந்த மண்ணில்தான்; இரும்பு துருப்பதும் மரச் சட்டம் உளுப்பதும் அங்கேதான். நண்பர் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் உறையைப் போர்த்தப் போனபோது பெரியவர் கையைத் தட்டிவிட்டார். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் போகட்டும் என்றார். துணிக் கூரையையும் காய்ந்த பிறகே மடக்க வேண்டுமாம். ஒன்பது ஆண்டுகள் காரோடு வாழ்ந்த நண்பருக்கு இவற்றில் பாதி தெரிந்திருக்கவில்லை. மழையில் எடுத்திருந்தாலல்லவா தெரியும்?

நண்பரின் அண்ணி சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பெரியவர் பழைய கதை சொன்னார். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை என்னுமிடத்தில் மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் தொடங்கிற்று. ஒவ்வோர் ஏப்ரலிலும் அதைப் பார்க்கத் துரை எம்.ஜி.யை எடுத்துக்கொண்டு போவாராம். ஏப்ரல் மாதத்தில் மலைநாட்டில் காலை வெயில், பின்னேரம் இடிமழை. எனவே திரும்பி வருவது எப்போதும் மழையில்தான்.

“தொரைக்கு மழைன்னா பயமே கெடையாது” என்றார் பெரியவர். “வந்து எறங்கி, குளிச்சு, சாப்பிடப் போயிருவாரு. நான் ராவு பத்து, பதினோரு மணி வரைக்கும் தொடைப்பேன். தொரைக்கு என்னா பயம்? தொடைக்கிறது அவரு இல்லையே.”

மழையில் எடுக்கலாமா என்று கொழும்பில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு நாம் செய்த ஆராய்ச்சியில் இந்த ஓர் அம்சம் எங்கும் வரவில்லை. நனைந்த கார் கெடுவது சாலையில் அன்று. வீடு வந்து சேர்ந்த பிறகு, அன்றிரவும் மறுநாளும்தான் கெடுகிறது. அந்த இரவை யார் கொடுப்பது என்பதே கேள்வி. துரை 1960களின் நடுவில் சீமைக்குப் போய்விட்டார். கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. கார் யார் கைக்குப் போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

“நீங்கள் அந்தக் காரில் ஏறிப் போனதுண்டா?” என்று கேட்டோம்.

“தள்ளியிருக்கேன்” என்றார்.

மறுநாள் காலை பத்து மணியளவில் மழை சற்று ஓய்ந்தது. மூத்தவர் வேண்டாமென்றார், அண்ணி, “மாமா, நெஞ்சுக்கு ஆகாது” என்றார். பெரியவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, இடப்பக்கத்து ஆசனத்தில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார். இருவருக்கு மேல் இடமில்லாத கார். ஆகவே நாம் கடை வாசலில் நின்றோம். மவுசாக்கலைக் கரை வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. முதல் வளைவை அவர்கள் எட்டும்போதே மறுபடியும் தூறத் தொடங்கிற்று. சிவப்பு விளக்கு எரிந்தது, கார் நின்றது. நண்பர் திருப்பப் போகிறார் என்று நினைத்தோம். உள்ளே ஏதோ பேச்சு நடந்திருக்க வேண்டும். விளக்கு அணைந்தது, கார் வளைவைக் கடந்து மறைந்தது.

கடைக்காரர் நமக்கு இரண்டாவது கோப்பைத் தேநீர் ஊற்றினார். மழை வலுத்துவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து எஞ்சின் ஓசை முதலில் கேட்டது. பிறகு மேகத்திலிருந்து விளக்குகள் இரண்டு வெளிப்பட்டன. தாழ்வாரத்தில் வந்து நின்றதும் மூத்தவர் ஓடிப்போய்த் தந்தையைத் தூக்கி இறக்கினார். பெரியவரின் ஒரு பக்கத் தோள் முழுதும் நனைந்திருந்தது; திரையின் கொக்கி கழன்றுவிட்டதாம். எங்கே போனீர்கள், எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்டோம். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. குனிந்து கம்பளத்தின் முனையைத் தூக்கிப் பார்த்தார்.

“கோணி எங்க?” என்றார். நண்பர் ஒன்றை எடுத்துக்கொண்டார். கொடியில் கிடந்த இன்னொன்றைப் பெரியவர் நம் கையில் கொடுத்தார்.